நான்தான் நான்

பெரும்பாறை காப்பித் தோட்டத்துப் பள்ளியில் நான் ஐந்தாவது படித்தபோது, ஆண்டு விழாவுக்காக எங்கள் டீச்சர் எல்லோரையும் சொந்த ஊரைப் பற்றி நாலு வரி எழுதிவரச் சொன்னார். எனக்கு எந்த ஊரை எழுதுவதென்று தெரியவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை.

சனிக்கிழமை அம்மாவோடு பழம் பறிக்கப் போனபோது, காப்பிச் செடிகளுக்கு நடுவே அது தானாக வந்தது:

கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாக்காரி
கடலுக்கு இந்தப் பக்கம் சிலோன்காரி
நடுக்கடலில் கப்பலிலே வந்தேனே
அன்றைக்கு மட்டும் நான்தான் நான்

எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. பள்ளத்தாக்கைப் பார்த்துக் கத்திச் சொன்னேன். "என்னா புள்ள, பன்னி வந்துருச்சா?" என்று அம்மா பதறி ஓடிவந்தாள்.

டீச்சர் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"நான்தான் டீச்சர்."

"ஊரப் பத்தி எழுதச் சொன்னா கப்பலப் பத்தி எழுதியிருக்க!" என்று சிரித்தார். ஆனாலும் என்னை மேடைக்குச் சேர்த்துக்கொண்டார். கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டு, 'பாரதத் தாயின் பிள்ளைகள் நாம்' என்று எழுதினார். வீட்டில் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

விழாவன்று முன்வரிசையில் தோட்டத்து மேனேஜர் துரை உட்கார்ந்திருந்தார். பின்னால் தரையில் எங்கள் லயத்து வீடுகளின் ஜனங்கள். முதல் மூன்று வரியும் சரியாகத்தான் வந்தன. மூன்றாவது வரியில் கப்பல் ஆடியது, உப்புக்காற்று முகத்தில் அடித்தது. டீச்சரின் வரி எங்கோ போயிற்று. என் வரியும் அப்படியே வரவில்லை.

"இன்றைக்கும் நான்தான் நான்!"

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண், "இன்னொருக்கா சொல்லு புள்ள!" என்று கூவினாள். சொன்னேன். கைதட்டலில் தகரக்கூரை அதிர்ந்தது. அம்மா மட்டும் தட்டவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பிழைவிட்டது அவளுக்கு வெட்கமாகிவிட்டது என்று நினைத்தேன்.

வீடு திரும்பும் வழியில் தோட்டத்துக்குள் நுழைந்ததும், "அந்தப் பாட்டச் சொல்லு" என்றாள். நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, பின்னாலேயே அவளும் சொன்னாள். 'இன்றைக்கும் நான்தான் நான்' என்ற கடைசி வரியை மட்டும் நான் நிறுத்திய பிறகும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு, எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

அடுத்த வருஷ விழாவுக்கு எனக்குப் பிழையில்லாமல் சொல்லிக்கொடுக்கத்தான் அம்மா மனப்பாடம் பண்ணுகிறாள் என்று எண்ணிக்கொண்டு, நானும் குதித்துக் குதித்துப் பின்னால் ஓடினேன்.