அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில் கொடுத்த வாக்கு

கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கும் எங்கள் அண்ணன் வாக்குத் தவறிவிட்டார். அக்காவின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடும் இந்த நினைவு மலரில் இதை மறைத்துவிட்டு அக்காவின் நற்குணங்களை மட்டும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் கடைசித் தம்பி. மல்லாவியில் வாடகை வான் ஓடுகிறேன். அலங்காரமாக எழுதத் தெரியாது.

அக்கா நெளுக்குளத்தில் மூத்தவராகப் பிறந்தார். இடம்பெயர்வுகளுக்கு நடுவே படித்துச் சட்டத்தரணியாகி ஊருக்கே திரும்பினார். வீட்டு முன்னறைதான் அலுவலகம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஒரே நாளில் வழக்குத் தவணை எடுக்க மாட்டார். "ரெண்டு இடத்திலயும் அரை மனுசியா நிக்கேலாது" என்பார். விளக்கு வைத்தபின் வரும் கட்சிக்காரருக்குத் தேத்தண்ணி கிடைக்கும், வழக்குக் கதை கிடையாது. அது பிள்ளைகளின் நேரம். யாருக்கும் "பாப்பம்" என்று சொன்னதில்லை. ஓம் என்பார், இல்லாவிட்டால் ஏலாது என்பார். அந்த ஏலாதுக்காக அவரோடு கதைக்காமல் இருந்த உறவினரும் இதை வாசிப்பீர்கள்.

நோய் முற்றியபோது வழக்குகளை மற்றச் சட்டத்தரணிகளிடம் கையளித்தார். ஜெயபுரத்து மக்களின் காணி வழக்கை மட்டும் கொடுக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டி வயலாக்கிய குடும்பங்கள் அவர்கள். வழக்குத் தோற்றால் வயல் போய்விடும்.

"அதை உன்ர அண்ணன் பாத்துக்கொள்ளுவான். ஓம் எண்டு சொல்லிப்போட்டான்" என்று வைத்தியசாலையில் என்னிடம் சொன்னார்.

செத்தவீட்டில் அண்ணன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒலிவாங்கியில் அழுதார். "ஜெயபுரத்து உறவுகளே, அக்கா விட்ட இடத்தில் இனி நான் நிற்பேன்" என்றார். எல்லோரும் கேட்டீர்கள். பிறகு கிளிநொச்சிச் சட்டத்தரணி ஒருவர் வழக்கை எடுக்க முன்வந்தபோது அந்த மக்கள் மறுத்துவிட்டார்கள்.

"பொட்டிகிட்ட நின்னு சொன்ன வார்த்தைங்க. இனி வேற ஆளப் புடிச்சா லோயர் அம்மாவுக்கு மரியாதையா?" என்றார் அவர்களில் மூத்தவரான முத்தையா.

தவணையன்று என் வானில்தான் அவர்களை ஏற்றிச் சென்றேன். வழக்கைக் கூப்பிட்டார்கள். அண்ணன் இல்லை. முத்தையா எழுந்து, "ஐயா வந்துகிட்டிருக்காருங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். என்னால் தலை நிமிர முடியவில்லை. இதுவே கடைசி என்று சொல்லி நீதிபதி இன்னொரு தவணை கொடுத்தார்.

வெளியே வந்து அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"டேய், செத்தவீட்டில ஆயிரம் கதைப்பினம். அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். எனக்கு இஞ்ச எவ்வளவு வேலை தெரியுமோ?"

"அப்ப ஏலாது எண்டு அந்த மனுசனிட்டச் சொல்லுங்கோ."

"நீ சொல்லன்."

நான் சொல்ல மாட்டேன்.

அக்காவைக் கடைசிவரை பராமரித்த அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும் எங்கள் நன்றி. ஜெயபுரத்தாருக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை. அவர்களையும் இன்று அழைத்திருக்கிறேன். பந்தலில் உங்கள் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

அண்ணா, இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கிறது. அதே ஒலிவாங்கியைத்தான் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பந்தி தொடங்க முன் எழும்பி, முத்தையாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: ஓமா, ஏலாதா?