அவருடைய அரை மணித்தியாலம்

என் கணவருக்கு வானொலியில் பேச வராது. மைக்கைப் பிடித்தால் வாய் குழறும். மறுபக்கத்தில் இருப்பவன் சொல்லும் அழைப்புக்குறி, அதாவது உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் வரும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம், காதில் ஏறாது, திருப்பித் திருப்பிக் கேட்பார். ஆனாலும் வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டில், பொழுதுபோக்காக உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரர் என்றால் அவர்தான். எனக்கும் உரிமம் இருக்கிறது, பரீட்சையில் அவரைவிடக் கூடப் புள்ளி எடுத்து வாங்கியது. அது அலுமாரிக்குள் கிடக்கிறது. அவருடையது முன்கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

யார் யாரோடு பேசினோம் என்பதை முன்பெல்லாம் கொப்பியில் எழுதினோம். ஓட்டமாவடியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர், நான் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவர், அவரும் வானொலிக்காரர்தான், அதற்கென்றே இருக்கும் மென்பொருளைக் கொண்டுவந்து எங்கள் பழைய லப்டொப்பில் ஏற்றித் தந்தார். அழைப்புக்குறியைத் தட்டினால் போதும், நாடு, திசை, நேரம் எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். சத்தம் எப்படிக் கேட்டது என்ற இடத்தில் ஐம்பத்தொன்பது என்று முதலே நிரப்பி வைத்திருக்கும். ஐம்பத்தொன்பது என்றால் பிரமாதமாகக் கேட்கிறது என்று அர்த்தம். கிணற்றுக்குள் விழுந்தவன் கத்துவதுபோலக் கேட்டாலும் ஐம்பத்தொன்பதுதான். "உங்கள் குறி விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கள், நீங்கள் ஐம்பத்தொன்பது" என்று வெட்கமில்லாமல் சொல்வார்கள். உலகம் முழுக்கப் படித்த மனிதர்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் இந்தப் பொய்யைச் சொல்லிக்கொள்வதற்குப் பெயர்தான் போட்டி.

குறித்த நேரத்துக்குள் கூடத் தொடர்பு எடுப்பவருக்கே வெற்றி என்ற அப்படியொரு போட்டியில் என் கணவர் தனியாள் பிரிவில் பதிந்தார். தனியாள் என்றால் பேசுவதும் பதிவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். தனியாள் சனிக்கிழமை பின்னேரம் வரை தாக்குப்பிடித்தது.

"இந்தா புள்ள, கொஞ்ச நேரம் இதைப் பிடி. தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்தவர், பிறகு அந்தக் கதிரைப் பக்கமே வரவில்லை. பின்னால் சாய்மனைக் கதிரையில் படுத்தபடி, மணித்தியாலத்துக்கு எத்தனை தொடர்பு என்று மென்பொருள் காட்டும் எண்ணைக் கிரிக்கட் ஸ்கோர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பேசினேன். பெண் குரல் கேட்டதும் ஜப்பான்காரர், ரஷ்யாக்காரர், இத்தாலிக்காரர் எல்லாரும் மொய்த்துவிட்டார்கள். வானொலிக்காரர் பெண்களை 'யங் லேடி' என்பார்கள், பேரப்பிள்ளை கண்டவளும் யங் லேடிதான். அந்த அசட்டுத்தனத்தையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒவ்வொரு குறியாகப் பொறுக்கி எடுப்பது எனக்கு வந்தது, அவருக்கு ஒருநாளும் வராதது. சந்தோசமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

திரையின் மூலையில் 'ஒப்பரேட்டர்' என்று ஒரு பெட்டி இருந்தது. பேசுவது யார் என்பதற்கான இடம். அதில் அவருடைய குறி இருந்தது. நான் பேசிப் பதிந்த ஒவ்வொரு தொடர்பும் அவருடைய குறியின் கீழ் போய் விழுந்துகொண்டிருந்தது.

"இதில என்ட குறியைப் போடட்டா?" என்று கேட்டேன்.

"விசரா உனக்கு? ரெண்டு பேர் எண்டா பிரிவு மாறிரும். பெரிய பெரிய குழுவோட மோதணும். அப்பிடியே கிடக்கட்டும்."

"அப்ப பேசுறது ஆரு?"

"நீ பேசினா என்ன, நான் பேசினா என்ன. ஒரே வீடுதானே."

எழுந்து போயிருக்கலாம். ஆனால் காதில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், அவருக்காக அவர்களை ஏன் விட வேண்டும்? நான் பேசிய பேச்சுக்கு என் குறி வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குக்கூட அந்த மனிதருக்கு மனம் வரவில்லை.

அப்போதுதான் நேரத்தைக் கவனித்தேன். வானொலிக்காரர் எல்லாரும் உலகப் பொது நேரத்தில்தான் பதிவார்கள், அது எங்கள் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால். சுவர்க்கடிகாரத்தில் மாலை ஆறு. உலக நேரம் பன்னிரண்டரையாக இருக்க வேண்டும். மென்பொருள் பன்னிரண்டு என்றது.

அரை மணித்தியாலம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவள். யுத்த காலத்தில் அரசாங்கம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியபோது எங்கள் கரையை வைத்திருந்த இயக்கத்தார் அதை ஏற்கவில்லை. கிழக்குக் கரையில் புது நேரம், எங்களுக்குப் பழைய நேரம், இடையில் அரை மணித்தியாலம். படகுத்துறையில் நேரம் கேட்டால் "பழசா புதுசா" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். எங்கள் கலியாணத்துக்கே இவர் கிழக்குக் கரையிலிருந்து புது நேரத்தில் அரை மணித்தியாலம் முந்தி வந்து இறங்கி, பந்தல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று கத்தியவர்.

அரசாங்கம் அந்தப் புது நேரத்தைக் கைவிட்டுக் கனகாலம். எங்கள் லப்டொப் கைவிடவில்லை, இலங்கை என்றால் ஆறு மணித்தியாலம் முன்னுக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தது. அதனால் அதன் கடிகாரம் அரை மணித்தியாலம் முந்திக் காட்ட, இவர் அந்த ஆறு மணித்தியாலக் கணக்கைத் திருத்தாமல் முள்ளை மட்டும் பின்னுக்குத் தள்ளிச் சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப்போக வைத்திருக்கிறார். மென்பொருள் அதிலிருந்து ஆறைக் கழித்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க, நேரம் பிழை. அரை மணித்தியாலம் பிந்திக் கிடக்கு."

படுத்தபடியே சிரித்தார். "உங்கட படுவான்கரை நேரத்தை இன்னும் விடல்லையா நீ? கொம்பியூட்டருக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா? நீ ரைப் பண்ணு."

ரைப் பண்ணினேன்.

பதிவை அனுப்பிச் சில மாதங்களுக்குப் பிறகு போட்டி நடத்தியவர்களின் முடிவு வந்தது. எங்கள் நேரம் எதிர்ப்பக்கத்தின் நேரத்தோடு பொருந்தவில்லை என்று ஒவ்வொரு தொடர்பையும் வெட்டியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த ஜப்பானும் இத்தாலியும் எல்லாமே போய்விட்டன.

விசயத்தைக் கேள்விப்பட்டு ஓட்டமாவடிக் கூட்டாளி வந்தார். என் கணவர் வெட்கப்படவில்லை. வெட்கம் அவருக்கு மைக்கின் முன்னால் மட்டும்தான் வரும்.

"என்ன மச்சான் நடந்த?" என்று கூட்டாளி கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. இவதான் இருந்து ரைப் பண்ணினவ. நேரத்தைக் கவனிக்கல்ல. பொம்புளையள்ட கையில குடுத்தா இப்பிடித்தான்."

நான் லப்டொப்பைத் திறந்து கூட்டாளிக்கு முன்னால் வைத்தேன். "பிழையெல்லாம் ஆர் விட்டதெண்டு நீங்களே பாருங்க நானா. அந்தக் கடைசி நிரல்ல ஒப்பரேட்டர் எண்டு இரிக்கும்."

அவர் விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பார்த்தார்.

"எல்லாத்திலயும் நீதானே மச்சான் இரிக்காய்" என்றார். "தங்கச்சிட குறி ஒரு இடத்திலயும் இல்லையே."

என் கணவர் என்னைப் பார்த்தார். நீதான் பேசினாய் என்று சொல் என்பதுபோல ஒரு பார்வை.

"நான் அங்க இரிக்கவே இல்ல நானா" என்றேன்.