சறுக்க மறுத்த கார்

மலைநாட்டு ஏப்ரல் சீசனுக்கு வந்திருக்கும் கொழும்பு முதலாளியின் ஸ்போர்ட்ஸ் காரை, அவருடைய டிரைவரான என் மச்சான் இன்று கொட்டகலை மைதானத்துக்கு ஓட்டி வந்தார். நாலு சக்கரமும் இழுக்கும் கார். ஒரு கீறல் விழுந்தாலும் மச்சானுக்கு வேலை போய்விடும்.

ஈரப் புல்லில் சறுக்கிக் காட்டுகிறேன் என்று வளைத்து மிதித்தார். பின்பக்கம் நழுவியதுமே கார் தானாக வேகத்தைக் குறைத்து, ஒற்றைச் சக்கரத்துக்குப் பிரேக் போட்டு நேராகிவிட்டது. என்ன அறிவு!

“மச்சான், கார் ஒங்கள விட ஒழுக்கமா இருக்குங்க!” என்றேன்.

“சறுக்க விடாம புடிக்கிற சுவிட்ச் போட்டிருக்கு. அத ஓஃப் பண்றேன், இப்ப பாருங்க!”

பம்பரமாய்ச் சுழன்ற கார், கோல் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. மச்சான் சுவிட்சை மறுபடி போட்டு, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால், “இப்பிடி ஒரு சுவிட்ச் ஒங்க வாய்க்கும் வேணுங்க,” என்கிறாள் என் வீட்டுக்காரி.

உங்கள் வீட்டில் யாருக்கு?