கன்டெய்னருக்குள் ஒரு தேங்காய்

என் கைப்பேசியில் அழிக்காமல் வைத்திருக்கும் படம் ஒன்று உண்டு. மலேசியாவில், திறந்த கன்டெய்னருக்குள் ஒரு பழைய நான்கு வண்ண அச்சு மிஷின். அதன் முகப்பில் சந்தனம், குங்குமம். பக்கத்தில் கட்டைவிரலை உயர்த்தி நிற்கும் என் கணவர். திருத்தங்கலில் உள்ள எங்கள் சிறிய அச்சகத்துக்காக அதை வாங்கியிருந்தோம். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால் ஆர்டர்கள் குவியும். வரப்போகும் மிஷினை நம்பி, வழக்கத்தைவிட அதிகமாகவே ஒப்புக்கொண்டிருந்தோம். அது தூத்துக்குடித் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டால் அந்த சீசனே போய்விடும்.

சுங்க வேலைகளை முடித்துக்கொடுக்கத் தூத்துக்குடியில் ஓர் ஏஜெண்ட் அக்கா கிடைத்தார். நான் பி.காம். படித்தவள் என்பதால் அவரிடம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எடை சரியா, பெயரில் எழுத்து சரியா என்று கேட்டதையே கேட்பேன். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டால், "கேளுங்க மேடம். கேக்காதவுகதான் என் உயிர எடுப்பாக" என்பார்.

கப்பல் கிளம்பிய பிறகுதான், குழந்தையைத் தூங்கவைத்தபடி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மிஷினின் பக்கவாட்டில் மஞ்சள் துணியில் உருண்டையாக ஏதோ தொங்கியது. கணவரிடம் கேட்டேன்.

"தேங்காதான். எலுமிச்சம்பழமும் இருக்கு. ஏத்தும்போது கட்டிவிடச் சொல்லி அம்மாதான் சொன்னாக."

வெளிநாட்டுக் காயும் பழமும் சொல்லாமல் கொள்ளாமல் வரலாமா என்றேன்.

"ஒத்தத் தேங்காய்க்குக் கப்பலையா திருப்பிவிடப் போறாக? ஒனக்குக் கவலப்பட ஏதாவது ஒண்ணு வேணும்."

அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். நான் வாயைத் திறப்பதால்தான் சிக்கலே வருமோ என்றும் தோன்றியது. சோறு வடிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் இதே யோசனை. கடைசியில் அக்காவை அழைத்துவிட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏட்டி, பூசணிக்கா ஏதும் வச்சு விட்டாகளா? அதையும் இப்பமே சொல்லிரு." பிறகு குரல் மாறியது. "பெட்டியத் தெறந்து அவுகளாப் பாத்தா, ஒளிச்சுக் கொண்டாந்ததா ஆயிரும். மிஷினும் சேந்து நிக்கும். நாமளே சொல்லிட்டா தேங்கா மட்டுந்தான் நிக்கும்."

அன்றே அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்தார். கன்டெய்னர் வந்ததும், செடிகொடி, காய்கனிகளைச் சோதிக்கும் அதிகாரியின் முன்னிலையில் திறந்தார்கள். பழங்களில் பூஞ்சை பூத்திருந்ததாம். எல்லாவற்றையும் எடுத்து எரித்து, உள்ளே மருந்துப் புகை போட்டு, சில நாட்களில் மிஷினை விடுவித்தார்கள்.

மாமியாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "சாமிக்கு வச்சத எரிச்சுட்டாகளே, இனி மிஷினு ஓடுமா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அக்காவை அழைத்து விஷயத்தைச் சொல்லி, போனை மாமியாரின் காதில் வைத்தேன்.

"பெரியம்மா, மிஷின் மேல விழுந்த கண்ணு பூராம் அந்த நெருப்போட போச்சு. துறைமுகத்துலயே திருஷ்டி கழிச்சு அனுப்புதோம். வேற யாருக்கு இந்தக் கொடுப்பினை?"

மாமியார் எழுந்து முகம் கழுவினார்.

ஆடிப்பெருக்குக்கு முன்பே மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது. இப்போது சீசன் உச்சத்தில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் மாமியார், "கவருமெண்டே திருஷ்டி கழிச்சு அனுப்பிச்ச மிஷினாக்கும்" என்கிறார். கணவர் குனிந்து தாளைச் சரிபார்க்கிறார்.

அக்காவிடம் எங்களுக்கு இனி வேலை எதுவும் இல்லை. ஆனாலும் நேற்று அழைத்தேன்.

"என்னட்டி, இப்பம் என்ன கவல?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாம நீ போன் பண்ண மாட்டியே. நல்லா யோசிச்சுச் சொல்லு."

நானும் யோசித்துப் பார்த்தேன். சொல்வதற்கு எதுவுமே அகப்படவில்லை.