ஃபோட்டிஸ் கடலில் குதித்த நாள்

கிரீஸின் கவாலாத் துறைமுகத்தில் ஃபோட்டிஸ் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். ‘ஏணி’ என்று கேட்டால் போதும், உடனே கை காட்டுவார்கள். இரண்டு மீட்டரைத் தாண்டிய உயரம். பத்தொன்பது வயதில் எங்கள் கூடைப்பந்து கிளப்பில் முதல் ஒப்பந்தம் போட்டான். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கும் அவன் அம்மா, அந்தத் தாளை மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள். முதல் வருடம் முழுக்க ஆட இறக்காமல் பெஞ்சில்தான் உட்கார வைத்தார்கள். நான் பண்டாசிஸ், கிளப்பின் மசாஜ்காரன். அந்த நீளக் கால்களை உருவிவிட்டே என் முதுகு போயிற்று.

இரண்டாம் வருடம் பயல் வெளுத்து வாங்கிவிட்டான். டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் இருபத்தேழு புள்ளி! ஜனவரி ஒன்பதாம் தேதி ஆட்டத்தில் அவனைப் பார்க்க ஏதென்ஸின் பெரிய கிளப்பிலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் அம்மா ஐஸ் உடைக்க வேண்டாம்.

ஜனவரி ஆறு, ஏசு ஞானஸ்நானம் பெற்ற திருநாள்; பாதிரியார் கடலில் வீசும் சிலுவையைக் குதித்துப் பிடிப்பவனுக்கு வருடம் முழுக்க ஆசி, ஃபோட்டிஸ் என்ற பெயர் வைத்தவர்களுக்கும் அன்றுதான் விழா. ஐந்தாம் தேதி அவன் என் மசாஜ் மேசையில் படுத்திருந்தபோது கிளப் தலைவர் ஸ்கூராஸ் உள்ளே வந்தார்.

“டேய் ஏணி, நாளைக்கு உன் பெயர்த் திருநாள். பாதிரியார் கடல்ல சிலுவைய வீசுறப்ப நீ கரையில நின்னு வேடிக்கை பார்ப்பியா? நம்ம கிளப் பனியனப் போட்டுக்கிட்டு குதி. பேப்பர்ல படம் வரணும்.”

“ஒப்பந்தத்துல அடிபடுற மாதிரி வேலையெல்லாம் கூடாதுன்னு இருக்கே, தலைவரே?”

“அத எழுதினவனே நான்தாண்டா! பயமா இருந்தா சொல்லு, உங்கம்மாவ குதிக்கச் சொல்றேன்.”

அவர் சிரித்தார். நானும் சேர்ந்து இளித்தேன், வெட்கங்கெட்டவன்.

மறுநாள் நாற்பது பேர் குதித்தார்கள். சிலுவையைப் பிடித்தவன் ஏணிதான். பிடுங்க வந்த கூட்டம் அவனைத் துறைமுகக் கல்லோடு வைத்து நசுக்கியது. இடது கையால் சிலுவையைத் தூக்கிக் காட்டினான். படகுகள் ஊதின, சனம் கத்தியது. வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது யார் கண்ணிலும் படவில்லை.

எலும்பு மூன்று துண்டு. இனி அந்தக் கை பழையபடி பந்தை எறியுமா என்பது சந்தேகம்தான் என்றார் டாக்டர். ஒன்பதாம் தேதி ஏதென்ஸ் ஆள் வந்தார், வேறொரு பையனைப் பார்த்துவிட்டுப் போனார்.

பத்தாம் தேதி ஸ்கூராஸ் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“உன்ன யாருடா குதிக்கச் சொன்னது? ஒப்பந்தத்த மீறிட்ட. இன்னையோட ரத்து.”

“நீங்கதானே சொன்னீங்க!”

“நானா? சாட்சி இருக்கா?”

பையன் என் பக்கம் திரும்பினான். “பண்டாசிஸ் மாமா இருந்தாரே. சொல்லுங்க மாமா.”

ஸ்கூராஸும் என்னைப் பார்த்தார். எனக்கு ஓய்வூதியம் வர இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

“நான் அப்போ துண்டு எடுக்க வெளிய போயிருந்தேன்,” என்றேன்.

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். வெளியே நல்ல குளிர். வராந்தாவில் ஒற்றைக் கையால் ஜாக்கெட்டோடு மல்லாடிக்கொண்டு நின்றான்.

“மாமா, இந்த ஜிப்ப மட்டும் போட்டு விடுறீங்களா?”

குனிந்து, கழுத்துவரை இழுத்துவிட்டேன்.