ஆப்பிளும் சாளையும்

பேத்தியின் லேப்டாப்பில் ஒரு பொம்மை ஸ்பானிஷில் மீன் எண்ணிக்கொண்டிருந்தது. ஆங்கில நிகழ்ச்சியில் அது ஆப்பிள் எண்ணுமாம். பெரு நாட்டில் பாதிரியாராக இருக்கும் என் பள்ளித்தோழன் சூசைதான் அங்குள்ள கடற்கரைப் பிள்ளைகளுக்காக அதை மீனாக மாற்றியிருந்தான்.

ஒன்றாம் வகுப்புக்கு ஆசிரியர் வராத நாட்களில் ஐந்தாம் வகுப்பில் படித்த எங்கள் இருவரில் ஒருவரைப் பாடம் நடத்த அனுப்புவார்கள். சட்டையில் சாளை மீன் வாடையோடு சூசை கேட்பான்: "ஆப்பிள நீ கண்டிருக்கியாலே? அஞ்சு சாளைன்னு எண்ணு மக்கா!" வகுப்பே சிரித்துக்கொண்டு கணக்குப் படிக்கும். நான் போனால் பிள்ளைகள் சூசையைக் கேட்டு அழுவார்கள். பொறாமையில், அவன் பாடத்தைக் கேலி செய்வதாக சாரிடம் சொன்னேன். பிரம்பு முறிந்தது.

இன்று போனில் பாராட்டியபோது அவன் கேட்டான்: "அன்னைக்கு என்னப் போட்டுக்குடுத்தவன் யாருண்ணு ஒனக்குத் தெரியுமாலே?"

சொன்னால் சிரித்தபடி மன்னித்துவிடுவான். அதிலும் அவனே என்னைவிட உயர்ந்துவிடுவான்.

"தெரியாதுலே" என்றேன்.