கண்ணாடித் தொட்டிக்கு எறும்பு வந்தது

திருச்சியில் ஒரு கடையில் பன்னிரண்டு மீன் வாங்கி, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை வரை பஸ்ஸில் வந்தேன். விரல் நீளம்கூட இல்லாத மீன்கள், உடம்பெல்லாம் நீலக் கோடு. ஒரு நிமிடம் சும்மா நிற்காது. ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பும். துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்ததால் தொட்டிக்குப் பலகை மூடி போட்டிருந்தேன். வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார முடியாத எனக்கு, பள்ளிக்கூடம் விட்டதும் அந்தத் தொட்டியின் முன்னால் மட்டும் உட்கார முடிந்தது.

அப்பாவுக்கு ஆபீஸில் குமாஸ்தா வேலை. தொட்டி வைக்கச் சம்மதித்தபோது ஒரே நிபந்தனை போட்டார்: தண்ணீர் நாறினால் தொட்டி வீட்டை விட்டு வெளியே போய்விடும்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. ஒரு சனிக்கிழமை காலையில் பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல வெளுத்திருந்தது. மீன்கள் கூட்டம் கலைந்து, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பாதித் தண்ணீரை மாற்றினேன். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. இந்தத் தடவை மூன்று செத்து மிதந்தன. வாசற்படியில் நின்றே மோந்து பார்த்த அப்பா, இன்னொரு தரம் இப்படி ஆனால் தானே தூக்கி வெளியே வைத்துவிடப் போவதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் யாரையும் நான் நம்பவில்லை. முதலில் தங்கச்சி. முன்பு ஒருநாள் இட்லியைப் பிய்த்துப் போட்டவள். இந்த முறை பாடப் புத்தகத்தின்மேல் கை வைத்து, தான் இல்லை என்றாள். அடுத்தது அண்ணன். "மீமிசல் மீன்கூடைக்காரம்மாகிட்டச் சொன்னா இதவிடப் பெருசாக் கொண்டாந்து தரும்டா. கொழம்புக்காவது ஆகும்" என்று தினமும் சீண்டுகிறவன். அவன் தொட்டிப் பக்கம் போனாலே பின்னால் போய் நின்றேன்.

இதற்கிடையில் தொட்டியின் இரும்புச் சட்டத்தில் எறும்புச் சாரை ஒன்றைக் கண்டேன். மூடியின் உள்விளிம்பைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இனித்தது. யாரோ இனிப்பைப் போடுகிறார்கள். இரண்டு தடவையும் சனிக்கிழமை கலங்கியது என்றால், போட்டது வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கும்.

மறு வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கப் போகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, சத்தம் கேட்க இரண்டு சொம்புத் தண்ணீரைக் குளியலறைத் தரையில் ஊற்றிவிட்டு, வெளியே சுற்றிவந்து முன்னறை ஜன்னலில் நின்றேன்.

உள்ளே அப்பா. கையில் எலுமிச்சை அளவு வெல்லக்கட்டி. தொட்டியை ஒழித்துக்கட்டத் தானே நாறவைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது அவர் சட்டைக் காலரை இறக்கினார். பிடரியில் அவருக்கு ஒரு கொழுப்புக் கட்டி இருந்தது; டாக்டர் அறுக்கச் சொல்லியும் தள்ளிப் போட்டுவந்தார். வெல்லத்தை அதன்மேல் மூன்று சுற்றுச் சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு, மறு கையால் மூடியைத் தூக்கினார். கோயில் குளத்தில் வெல்லம் போட்டால், அது கரைவதுபோல உடம்புக் கட்டியும் கரையும் என்று எங்கள் பக்கத்தில் வேண்டிக்கொள்வார்கள். அப்பா அதையெல்லாம் கேலி செய்கிறவர்.

"போடாதீங்கப்பா" என்றேன் ஜன்னலிலிருந்து.

அவர் திரும்பவில்லை. மூடியை இறக்கிவிட்டுச் சொன்னார்: "கொளத்துக்குப் போனா ஆபீஸ்ல ஒருத்தன் பாக்காம இருக்க மாட்டான்டா. இங்கிட்டும் தண்ணி இருக்கு, மீன் இருக்குன்னு நெனச்சேன். மூணு வெள்ளி போடணும். இன்னைக்கு ஒண்ணுதான் பாக்கி."

"கொளத்துல மூணு செத்தா யாருக்கும் தெரியாதுப்பா. இங்க இருக்கதே ஒம்பது."

அவர் வெல்லத்தைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். பிறகு ஜன்னல் கம்பி வழியே அதை என் கையில் வைத்து, "நீயே போட்டுட்டு வா. யாராச்சும் கேட்டா பொரி போட வந்தேன்னு சொல்லு" என்றார்.

சைக்கிளில் கோயில் குளத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற அப்பா தொட்டியின் முன்னால் குனிந்திருந்தார்.

"ஒம்பதும் இருக்கு. எண்ணிட்டேன்" என்றார்.

நானும் ஒரு தடவை எண்ணினேன். இன்னொரு வெல்லக்கட்டி வைத்திருப்பாரோ என்று, அவர் சட்டைப் பையில் எறும்பு ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.